சாக்கு நெசவு பதிந்த ஃபேஸ் பிளேட்

லேத்தின் பெட்டுக்கு (கடைசல் மெஷினின் நீள இரும்பு அடித்தளம்) குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தமாதிரி இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், வேலைத்துண்டைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டடி நீளத்துக்கு, மிளகாய்ப்பொடி தூவியதுபோல் செந்துரு. அந்தப் பக்கம் பழைய ஆயிலும் தூசியும் சேர்ந்து இறுகிப்போன கருப்பு. நகத்தால் ஓரிடத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் இரும்பு அப்படியே இருந்தது. எந்தக் காலத்திலோ எவரோ மட்டப்படுத்த ஸ்கிரேப்பர் போட்ட பிறைத் தடங்கள்கூடத் தெரிந்தன.

துருப்பிடித்தது நாங்கள் துடைத்துச் சுத்தம் செய்த பக்கம். தப்பித்தது கைபடாத பக்கம்.

சேலத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மெஷின் வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை வந்தவர்கள் எல்லாரும் துருவை எடுப்பது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். எடுத்த பிறகு, திரும்ப மாட்டுகிற நாள்வரை அந்தச் சாமான் எங்கே, எதன்மேல், என்ன பூசிக் கிடக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மெஷின் வந்த வழி

லேத் கிடந்தது ஏற்காட்டில், ஒரு காபி எஸ்டேட்டின் பழைய ஷெட்டில். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த பெரிய தோட்டக்காரர்களுக்குக் காபிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் பழுதாகும்போதெல்லாம் கீழே இறக்கி மாளாது. மேலேயே ஒரு பட்டறை இருந்தால் வசதி. அப்படி ஒரு பட்டறையின் மிச்சம் இது. நாலரை அடி பெட், பெல்ட்டில் ஓடும் கோன் புல்லி. பெயர்த் தகடு கழன்றுபோய் இரண்டு ரிவெட் துளை மட்டும் பாக்கி. எந்த ஊர் மெஷின் என்று சொல்ல வழியில்லை. லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு நாலு மரை. அங்குலக் கணக்கில் வேலை நடந்த காலத்துச் சரக்கு, அவ்வளவுதான் தெரியும்.

ஓடி இருபது வருசத்துக்கு மேலாகிறது என்றார் எஸ்டேட் ரைட்டர். ஷெட்டுக்குச் சரியான கதவுகூட இல்லை. மேகம் நேராக உள்ளே வந்து போகும். அப்படியிருந்தும் பெட்டில் சொல்லிக்கொள்ளும்படி துரு இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மாதம். நான், மச்சான், எங்கள் மேஸ்திரி, மூன்று பேரும் போய் இரண்டு நாள் தங்கிக் கழற்றினோம். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேய்மானம் எப்போதும் வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குப் பக்கம்தான் அதிகம். வெட்டும் டூலைத் தாங்கி நகரும் சாடில் அங்கேதான் போய்வந்துகொண்டிருக்கும். அதனால் அந்த இரண்டடியை மட்டும் டீசல் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்தோம். தேய்மானம் பரவாயில்லை. பணம் கைமாறியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறு. ராத்திரி பொழுது போக வேண்டுமே என்று சேஞ்ச் கியர், ஃபேஸ் பிளேட் (வேலைத்துண்டைப் பூட்டும் வட்டத் தட்டு), கிராஸ் ஸ்லைடு, டெயில்ஸ்டாக் ஸ்பிண்டில் என்று ஒவ்வொன்றாக டீசலில் கழுவி வரிசையாக வைத்தோம். குளிர் பதினாறு டிகிரி. வெறுங்கை. மச்சான் ஒவ்வொரு கியரையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுவதற்கு ரைட்டர் சாக்குக் கொடுத்தார். டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலுக்கு மட்டும் சாக்குப் பத்தவில்லை. எங்கள் துணி வைத்திருந்த கனமான பாலித்தீன் பையை உதறி, அதில் போட்டு வாயைச் சுருட்டி ரப்பர் ட்யூப் கிழித்துக் கட்டினேன். எண்ணெய்கூடத் தடவவில்லை. மெயின் ஸ்பிண்டில் மேல் அக்கறை அதிகம் என்பதால், ரைட்டர் கொண்டுவந்த லாரி வேஸ்ட் ஆயிலைத் தாராளமாகப் பூசிக் கோணியில் சுற்றினோம்.

குட்டி யானைக்காரருக்குப் பத்து மணிக்கு வேறு லோடு. விடிவதற்கு முன்பே ஏற்றி, தார்ப்பாய் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏழரை மணிக்குப் பட்டறையில் இறக்கியாயிற்று. சிமெண்ட் தரையில் அப்படியே வைத்துத் தார்ப்பாயால் மூடினோம். தீபாவளி, அடுத்தாற்போல் மாமனார் வீட்டில் கல்யாணம். மறுபடி ஷட்டரைத் தூக்கியது பதினோராம் நாள்.

தடயங்கள்

மேஸ்திரி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இருபது வருசம் மலைமேல கெடந்து கெடாதத, பதினோரு நாள்ல நாம கெடுத்துட்டோம் தம்பி" என்றார்.

முதல் சந்தேகம் கூரை மேல். ஷீட்டில் எங்கும் ஒழுகவில்லை, தார்ப்பாய் மேலே காய்ந்திருந்தது. ஆகவே மழைத் தண்ணீர் இல்லை. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினோம். பார்க்கப் பார்க்க, எல்லாம் ஒரே மாதிரித் துருப்பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

ஃபேஸ் பிளேட்டில் சாக்கின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. நூல் பட்ட இடம் கருஞ்சிவப்பு, இடைவெளி சாம்பல். யாரோ வரைந்து கொடுத்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம். சேஞ்ச் கியர்களில் பல்லிடுக்கில் பழைய கிரீஸ் ஒட்டியிருந்த இடமெல்லாம் நன்றாக இருந்தது. தட்டையான முகத்தில் கட்டைவிரல் ரேகை. ஒன்றிரண்டு இல்லை, எல்லாக் கியரிலும். மச்சான் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிட்டார். மெயின் ஸ்பிண்டிலில் வேஸ்ட் ஆயிலுக்கு அடியில் திட்டுத் திட்டாகக் கருங்கறை.

பாலித்தீன் பையில் கட்டிய டெயில்ஸ்டாக் ஸ்பிண்டில்? லேசாக மங்கியிருந்தது. துரு இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் காட்டாத சாமான் அது.

அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எண்ணெய் பூசியது கறைபட்டிருக்கிறது, பூசாதது தப்பித்திருக்கிறது. பை கீழே வந்தபோது உள்ளிழுத்து ஸ்பிண்டிலோடு ஒட்டிப்போய் இருந்தது ஞாபகம் வந்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே லேசான காற்றை உள்ளே வைத்துக் கட்டிய பையைக் கீழே உள்ள கனத்த காற்று அமுக்கியிருக்கிறது. அப்படியானால் முடிச்சு அவிழவில்லை. சேலத்துக் காற்று அந்த ஒரு பைக்குள் மட்டும் போகவில்லை.

சேலத்துக் காற்று செய்த வேலை

ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்ப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சொம்பு ஒழுகவில்லை, காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் படிய ஆரம்பிக்குமோ அதற்குப் பனிநிலை என்று பெயர். அதை வீட்டிலேயே அளக்கலாம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்து, ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், வெளிப்புறம் மங்கத் தொடங்கும் நேரம் ஒன்று வரும். அப்போது தெர்மாமீட்டர் காட்டுவதுதான் பனிநிலை.

மழைக்காலக் காலையில் சேலத்தில் 26 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 23 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வரும். எங்கள் பெட்டும் ஃபேஸ் பிளேட்டும் ராத்திரி முழுக்கப் பதினாறு டிகிரியில் ஊறிய வார்ப்பிரும்பு. ஒரு மணி நேரப் பயணத்தில் அந்தக் கனம் சூடேறாது. பட்டறையில் இறக்கியபோது ஒவ்வொன்றும் ஒரு ஐஸ் சொம்பு. நாங்கள் போன பிறகு தார்ப்பாய்க்கு அடியில் அவை மணிக்கணக்கில் வேர்த்திருக்கின்றன. வேர்த்த தண்ணீர் ஆவியாகி வெளியே போகவும் தார்ப்பாய் விடவில்லை. அடியில் ஈரம் ஏறும் சிமெண்ட் தரை வேறு.

பையின் கணக்கு இதற்கு நேர்மாறு. பதினாறு டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் கன மீட்டருக்கு சுமார் 13.6 கிராம் தண்ணீர்தான் தாங்கும். அந்தக் காலையில் சேலத்துக் காற்றில் இருந்திருக்கக்கூடியது 20 கிராமுக்கு மேல். மலைமேல் மேகத்துக்குள் நின்று கட்டிய பைதான் கீழே வந்ததும் காய்ந்த பை. அதன் வேர்வை வெளிப்பக்கத்தோடு போயிற்று.

இதையே கீழிருந்து மேலே கொண்டுபோனால் கதை தலைகீழாகும். சேலத்து வெக்கையில் கட்டிய பையை ஏற்காட்டுக் குளிரில் வைத்தால் உள்ளே இருக்கிற ஈரமே சொட்டாகும். காற்றுப் புகாத பை எப்போதும் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது.

சாக்கில் இருந்தது என்ன

பனித் தண்ணீர் மட்டும் என்றால் எல்லாவற்றிலும் ஒரே சீரான மெல்லிய துருதான் வந்திருக்கும். நெசவு அச்சு வந்ததற்குக் காரணம் வேறு. சாக்கைப் புரட்டிப் பார்த்தபோது உள்ளே ஓரத் தையலில் இளஞ்சிவப்பாகப் பொடி. பொட்டாஷ் மூட்டை. காபிச் செடிக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. நம் சாப்பாட்டு உப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன். காற்றில் ஈரம் 84 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர்த்து உப்புத் தண்ணீராகிவிடும். இரும்புக்கு இதைவிடக் கெட்ட படுக்கை கிடையாது.

மச்சானின் கைரேகையும் இதே கணக்குதான். வேர்வையில் இருப்பதும் உப்பு. சிலருக்கு அது கொஞ்சம் கூடுதல். கேஜ், பேரிங் செய்யும் கம்பெனிகளில் அப்படிப்பட்ட கையுள்ளவர்களைக் கடைசி ஃபினிஷ் வேலைக்கு விடமாட்டார்கள், அல்லது கையுறை இல்லாமல் விடமாட்டார்கள். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

வேஸ்ட் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் நிறைய. அதனால் எங்கள் பகுதியில் வேஸ்ட் ஆயில் சும்மா கிடைக்கும். ஆணிக்கும் வேலிக்கம்பிக்கும் பூசினால் பூசிக்கொள்ளட்டும். எஞ்சினில் எரிந்த டீசலின் அமிலமும் தண்ணீரும் கரியும் அதில்தான் வந்து சேர்கின்றன. அமிலத்தைச் சமாளிக்கக் கம்பெனிக்காரன் போட்ட மருந்து எல்லாம் தீர்ந்த பிறகுதான் அது வேஸ்ட் ஆயில். கிரைண்ட் பண்ணிய ஸ்பிண்டிலுக்கு அதைப் பூசியது என் யோசனை.

போகிற போக்கில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பட்டறை மூலையில் பாத்ரூம் ஆசிட் பாட்டில், மூடி சரியாக மூடாமல். அதன் ஆவியே பக்கத்து அலமாரியில் இருந்த டிரில் பிட்டுகளைப் பல மாதமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. நான் பிட் விற்ற கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாட்டில் அன்றைக்கே வெளியேறியது.

எடுத்த விதம்

பெட்டில் துரு மேலோடு இருந்தது. எமரித் தாள் எடுக்கப் போன மச்சானை மேஸ்திரி தடுத்துவிட்டார். எமரிப் பொடி வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் உட்கார்ந்துகொண்டால், பிறகு சாடில் போய்வரும்போதெல்லாம் இரண்டையும் தேய்க்கும். தேய்த்த இடம் தேய்க்காத இடம் என்று மட்டமும் கெடும். மெல்லிய ஆயில் விட்டு, கட்டர் பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, தோசைக்கல் சுரண்டுகிறமாதிரி தள்ளினார். துரு செங்காவிக் கூழாகச் சேர்ந்து வந்தது. அடியில் பிறைத் தடங்கள் அங்கங்கே மங்கியிருந்தாலும் இருந்தன. இரண்டடிக்கு ஒன்றரை நாள்.

கியர்களுக்கு மின்சாரத் தொட்டி. பிளாஸ்டிக் டப்பில் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கியருக்கு, பாசிட்டிவ் சுற்றி நிற்கும் சாதாரண இரும்புக் கம்பிகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் கியர் கரைந்துவிடும். ஒரு ராத்திரியில் துரு கருப்புச் சேறாகி பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் தொட்டியைத் திறந்த வெளியில் வைத்தோம், பக்கத்தில் பீடிகூடக் கூடாது. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் துண்டு போடத் தோன்றும், அதுவும் ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊரில் துண்டுக்குப் பஞ்சமில்லை. கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து கொடிய விஷமான உருவில் தண்ணீரில் சேரும், அதைக் கொட்ட இடம் கிடையாது. அலுமினியச் சாமான் எதையும் இந்தத் தொட்டியில் போடக் கூடாது, சோடா அரித்துவிடும்.

சின்ன ஸ்குரூக்களை எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்து, ஆப்பசோடாத் தண்ணீரில் அலசினோம். கடினப்படுத்திய ஸ்பிரிங்கை மட்டும் தொட்டியிலும் போடவில்லை, அமிலத்திலும் போடவில்லை. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பிறகொரு நாள் காரணமே இல்லாமல் ஒடியும்.

தொட்டியிலிருந்து எடுத்த நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். ஈர இரும்பு நம் கண்ணெதிரிலேயே பழுப்பேறும். முதல் கியரில் செல்போன் அடித்தது என்று போய்விட்டு வந்தேன், மறுபடி தொட்டி. அடுத்ததிலிருந்து கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, அந்தச் சூட்டிலேயே காயவிட்டு, ஹாட் ஏர் கன் காட்டி, கை பொறுக்கும் சூட்டில் துருத்தடுப்பு ஆயிலான ஆர்.பி. ஆயில் பூசினோம்.

ஃபேஸ் பிளேட் எங்களை இரண்டாவது முறையும் ஏமாற்றியது. பிளேடு போட்டுத் துடைத்து, ஆயில் பூசி, சுத்தமான பாலித்தீனில் சுற்றி வைத்தோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆயிலுக்கு அடியிலிருந்து அதே கட்டம், அதே நெசவு. குளோரைடு குழிக்குள் தங்கிவிட்டால் மேலே எதைப் பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். பிறகு சோடாத் தொட்டியில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி ஒரு வாரம் வைத்து, கொதிநீரில் நாலைந்து முறை அலசிய பிறகுதான் அடங்கியது.

இப்போது என்ன செய்கிறோம்

அழுக்கைத் தொடுவதில்லை. அதுதான் முதலில் மாறியது. காய்ந்து இறுகிய பழைய எண்ணெய் ஒருவகை வார்னிஷ்; ஈரத்தை இத்தனை வருசம் வெளியே நிறுத்தியது அதுதான். இன்று எதைச் சுத்தம் செய்து, அளந்து, ஆயில் பூசிக் கட்டி முடிக்க முடியுமோ அதை மட்டும் கழுவுகிறோம். மிச்சம் அசிங்கமாகவே கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் என்னப்பா இன்னும் இப்படியே வைத்திருக்கிறாய் என்பார்கள், கேட்டுக்கொள்கிறேன்.

டீசலை நம்புவதில்லை. கழுவுவதற்கு நல்லது, காவலுக்கு ஆகாது. டபிள்யூடி-40 ஸ்பிரேயும் அப்படித்தான், 1953ல் தண்ணீரை வெளியேற்றுவதற்கென்று தேடி, நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். தண்ணீரை விரட்டிவிடும், மாதக்கணக்கில் நிற்க அதன் படலம் போதாது. கிடப்பில் போடும் சாமானுக்கு ஆர்.பி. ஆயில், அதற்குமேல் துருத்தடுப்பு ஆவி விடும் வி.சி.ஐ. தாள், அதற்குமேல் பாலித்தீன். அந்தத் தாளை மூடாமல் விரித்துப்போட்டால் ஆவி ஊரெல்லாம் போகும், சாமானுக்கு ஒன்றும் மிஞ்சாது. செய்தித்தாள், கோணி, பச்சை மரப்பெட்டி எதுவும் நேராக இரும்பில் படுவதில்லை. பச்சை மரம் ஈரத்தோடு அமில ஆவியும் விடும். தரைக்கும் சாமானுக்கும் நடுவே எப்போதும் பலகை.

சின்ன அளவுக் கருவிகளுக்கு மட்டும் ஒரு பழைய பீரோவில் 40 வாட் குண்டு பல்பு எரிகிறது. உள்ளே வெளியைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக இருந்தாலே போதும், வேர்க்காது. எல்.இ.டி. போட்டுவிட்டு அதே வேலையை எதிர்பார்த்தவர்கள் உண்டு, வெளிச்சம் வந்தது.

மார்கழியில் லேத்தின் மிச்சப் பாகங்களான கவுண்டர் ஷாஃப்ட்டும் ஸ்டெடி ரெஸ்ட்டும் எடுக்க மறுபடி மலைக்குப் போனோம். கையுறை போட்டு, அழுக்கோடு, புது பாலித்தீனில் மேலேயே கட்டினோம். அன்றைக்குக் குளிர் போனமுறையைவிட அதிகம். பட்டறையில் இறக்கிப் பலகைமேல் வைத்த பத்தாவது நிமிடம் கட்டு முழுக்க முத்து முத்தாக வேர்த்தது. உதவிக்கு வரும் பையன் அந்த ஈரத்தில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். "அவுக்கட்டுமாங்க மேஸ்திரி?" என்று கேட்டான்.

"நாளைக்கு."

மறுநாள் பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தால் பட்டறை மேசையும் கட்டும் ஒரே சூடு. அவிழ்த்தோம். உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது.

தை மாதக் கடைசியில் லேத் ஓடியது. முதல் வேலையாக ஃபேஸ் பிளேட்டையே மாட்டி முகம் எடுத்தோம். முதல் வெட்டில் கட்டங்கள் பாதி போயின. கால் மில்லி எடுத்த பிறகும் விளிம்போரம் ஒரு கையகலத்துக்கு, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நாலைந்து நூல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தது. இன்னொரு வெட்டு போடலாமா என்றேன். தட்டு மெலிந்துவிடும், விடுங்க தம்பி என்று மேஸ்திரி மோட்டாரை நிறுத்திவிட்டார்.